உள்ளறைக் கதவு

திருநின்றவூரை அடுத்த வேப்பம்பட்டில் நாம் வீடு கட்டியபோது, தலைவாசலுக்குத் தேக்கு என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. வழக்கெல்லாம் உள்ளறைகளைப் பற்றியே. கடையில் தேக்கின் நிறமும் ரேகையும் அச்சிட்ட லேமினேட் கதவுகள், மழைக்காலத்தில் உப்பாத பி.வி.சி. கதவுகள் என அழகுக்குக் குறைவில்லை. (மரமல்லாததை மரமாகக் காட்டும் ஆசை நமக்கு ஏனோ தீர்வதில்லை.)

அம்மாவுக்குத் திரைச்சீலையே போதுமாம். இரவில் விழுந்துவிட்டால் குரல் வெளியே கேட்க வேண்டுமே என்ற அச்சம். பிளஸ் டூ படிக்கும் மகளோ அழகைக் கேட்கவில்லை, தாழ்ப்பாளைக் கேட்டாள். பெற்றோரிடம் மறைக்க என்ன இருக்கிறதென்று நமக்குச் சினம் மூண்டது.

செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தலைவாசலை வியந்து நிற்கிறோம். அங்கே முற்றத்தைச் சுற்றிய அறைகள் மணமான ஆண்மக்களின் கணக்கில் ஒதுக்கப்பட்டவை. மணமாகாத பெண் தனக்கெனச் சாத்திக்கொள்ளும் கதவு எது? எழுத விரும்பும் பெண்ணுக்குச் சொந்தப் பணமும் பூட்டக்கூடிய அறையும் வேண்டுமென 1929இல் வாதிட்டார் வர்ஜீனியா உல்ஃப். மூடிய கதவென்றாலே ஐயுற்றுப் பழகிய நமக்கு, அறைக்குள் சென்று கதவைச் சாத்திச் செபிக்கச் சொன்னவர் ஆண்டவரே என்பது நினைவுக்கு வரச் சில நாள்களாயின.

மகளுக்குத் தாழ்ப்பாளுடன் கதவு வைத்தோம். அம்மாவின் கதவுக்கு வெளியிலிருந்தும் திறக்கத்தக்க பூட்டு. தட்டாமல் நுழையும் பழக்கம்தான் நம்மை இன்னும் விட்டபாடில்லை.