குருவிக்கும் கேள்வி கணக்கு உண்டு

ஓர் உயிரைப் பறிக்க மனிதனுக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அந்த உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பெரிய தத்துவக் கேள்வி போலத் தோன்றினாலும், இது நம் வீட்டு வாசலிலேயே எழும் கேள்விதான். தோப்பில் இளநீரை எலி துளைக்கிறது. கொல்லையில் கொய்யாவைக் கிளி கொத்துகிறது. மாடியில் புறா எச்சமிட்டு நாறடிக்கிறது. உடனே வீட்டில் யாராவது, “ஓர் ஏர்கன் வாங்கிப் போட்டால் என்ன?” என்கிறார்கள். இன்னொருவர், “தொல்லையும் தீரும், கறிக்கும் ஆகும்” என்கிறார்.

கடைக்குப் போனால் என்ன விலை, எவ்வளவு தூரம் பாயும், லைசென்ஸ் வேண்டுமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். ஒரு முஸ்லிம் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு உள்ளன. இந்த உயிரைக் கொல்லக் காரணம் உண்டா? கொன்றால் வதையின்றிக் கொல்ல இந்தக் கருவியால் முடியுமா? கொன்றதை உண்ண மார்க்கம் இடம் தருகிறதா? காற்றுத் துப்பாக்கியை வாங்குவதா, வாங்கினால் எதை வாங்குவது என்பதை இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடைதான் முடிவு செய்ய வேண்டும்.

உரிமை அல்ல, அனுமதி

பூமியில் நடமாடும் பிராணிகளும் சிறகுகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை (6:38) அறிவிக்கிறது. அதே திருமறை (5:4) வேட்டையை ஆகுமாக்கியும் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பிராணியின் உயிர் நம் உடைமை அல்ல. அதைப் படைத்தவன் குறிப்பிட்ட தேவைக்காக நமக்கு அனுமதி தந்திருக்கிறான். அறுக்கும்போதும் அம்பெய்யும்போதும் அவன் பெயரைக் கூறச் சொன்னதன் பொருளும் இதுதான். “இதை என் அதிகாரத்தால் செய்யவில்லை, உன் அனுமதியால் செய்கிறேன்” என்று அடியான் ஒப்புக்கொள்கிறான்.

அனுமதி என்றால் அதற்கு எல்லை உண்டு. எல்லை மீறினால் விசாரணை உண்டு. ஒரு குருவியையோ அதனினும் பெரியதையோ அதற்குரிய ஹக்கு இல்லாமல் கொன்றவனிடம் அல்லாஹ் விசாரிப்பான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் நஸாயீ பதிவு செய்துள்ளார்கள். அந்த ஹக்கு என்னவென்று கேட்கப்பட்டபோது, அறுத்து உண்பது என்றும், தலையைத் துண்டித்து எறிந்துவிடக் கூடாது என்றும் விளக்கம் அருளினார்கள். பொழுதுபோக்குக்காகச் சுடுபவனின் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. அவன் எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தாலும் அது தவறான தேர்வுதான்.

ஒரு சமயம் குறைஷிகளில் சில இளைஞர்கள் ஒரு பறவையைக் கட்டிவைத்து, அதன்மீது அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் வருவதைக் கண்டதும் கலைந்து ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக ஆக்குபவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துரைத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மின்கம்பியில் அமர்ந்திருக்கும் மைனாவைக் “குறி பார்க்க” என்று சுடும் பிள்ளைக்கும் அந்த இளைஞர்களுக்கும் என்ன வேறுபாடு?

கருவியின் இயல்பு

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. சுருள்வில்லின் விசையோ அடைத்து வைத்த காற்றின் அழுத்தமோ ஈயக்குண்டைத் தள்ளுகிறது. வழக்கில் உள்ள குண்டுகள் பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர் என இரண்டு அளவு. சிறியது சுமார் அரை கிராம் எடை. பெரியது சுமார் ஒரு கிராம். இங்கிலாந்தில் உரிமமின்றி வைத்துக்கொள்ளும் ஏர் ரைபிளுக்கு ஆற்றல் வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 ஜூல். அரை கிராம் குண்டு இந்த ஆற்றலில் நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஆனால் தூரம் கூடக் கூட வேகம் விரைவாகக் குறையும்.

இதனால் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருளும் அல்ல, முழு ஆயுதமும் அல்ல. ஒரு முயலை அது உடனே கொல்ல வேண்டுமானால், தலையில் ஒரு சிறு நாணயத்தின் அளவேயான இடத்தில் குண்டு பட வேண்டும். அங்கே பட்டால் நொடியில் உயிர் போகும். இரண்டு விரற்கடை தள்ளி வயிற்றிலோ தாடையிலோ பட்டால், அந்தப் பிராணி ஓடிப்போய்ப் புதரில் கிடந்து நாள் கணக்கில் துடித்துச் சாகும். சுட்டவனோ “தப்பிவிட்டது” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

எல்லாவற்றிலும் இஹ்ஸானை, அதாவது செய்வதைச் செம்மையாகச் செய்வதை, அல்லாஹ் விதித்திருக்கிறான் என்றும், கொல்வதாயினும் அழகிய முறையில் கொல்ல வேண்டும், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு எளிதாக்க வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை ஹஜ்ரத் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மொட்டைக் கத்தியால் அறுப்பது பாவமென்றால், வலுவில்லாத துப்பாக்கியால் சுடுவதும், குறி பழகாத கையால் சுடுவதும் அதே வகையைச் சேர்ந்தவைதாம். மலிவு என்பதற்காக வலுக்குறைந்த ஒன்றை வாங்கிவந்து உயிரை நோக்கி நீட்டுவதைவிட, வாங்காமல் இருப்பதே மேல்.

கறிக்காகச் சுடலாமா?

“பிஸ்மி சொல்லிச் சுட்டுவிட்டோம், அறுக்கத் தேவையில்லை” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். இது நிதானித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

அடிபட்டுச் செத்த பிராணியைத் திருமறை (5:3) ஹராமாக்கியுள்ளது. வேட்டையில் தேர்ந்தவரான ஹஜ்ரத் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள், எறியப்படும் கோலைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் விளக்கம் கேட்டார்கள். அதன் கூர்முனை குத்திக் கொன்றதை உண்ணலாம் என்றும், பக்கவாட்டில் அடித்துக் கொன்றதை உண்ணக் கூடாது என்றும் பதில் கிடைத்தது. களிமண் உருண்டையால் அடித்துக் கொன்ற பறவையும் அடிபட்டுச் செத்ததே என்பது ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு.

துப்பாக்கி வந்தபின் இமாம்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஹிஜ்ரி 1252இல் மறைந்த ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் அவர்கள், ஈயக்குண்டுக்கு வெட்டும் கூர்மை இல்லை, அது சூட்டாலும் தள்ளும் விசையாலும் கொல்கிறது, ஆகவே அதனால் செத்தது ஹலாலாகாது என்றார்கள். ஹிஜ்ரி 1250இல் மறைந்த யமன் அறிஞர் ஷவ்கானீ அவர்கள், குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் ஹலால் என்றார்கள். பிற்கால மாலிக்கீ அறிஞர்களும் இந்தப் பக்கமே சாய்ந்தார்கள். கூர்முனையுள்ள ரவையைப் பற்றி இக்கால உலமாக்களில் சிலர் தளர்த்தியும் கூறியுள்ளனர். ஆனால் காற்றுத் துப்பாக்கியின் குண்டுகளில் பெரும்பாலானவை உருண்ட முனையோ தட்டை முனையோ கொண்டவை. நம்மவர் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் மேலோங்கிய தீர்ப்பு, குண்டடியால் உயிர் போய்விட்டால் உண்ணக் கூடாது, உயிரோடு கைக்குக் கிடைத்தால் அறுத்து உண்ணலாம் என்பதே.

இப்போது வேட்டைக்காரன் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஒரே குண்டில் கொன்றால் வதை இல்லை. ஆனால் கறி ஹலாலாகாது. அறுப்பதற்கு உயிர் மிஞ்சும்படி சுட்டால் கறி ஹலாலாகலாம். ஆனால் காயத்தோடு துடிக்கும் உயிரை ஓடிப் பிடிக்க வேண்டும். பிடிபடாமல் போனால் வதையும் மிச்சம், கறியும் இல்லை. காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவனை ஒரு பக்கம் இஹ்ஸான் இழுக்கிறது. மறுபக்கம் ஹலால் இழுக்கிறது. வேறு வழியற்ற பசியில் இருப்பவனுக்கு மார்க்கத்தில் விசாலம் உண்டு. அம்பை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வேட்டை பிழைப்பாக இருந்தது. தெருமுனையில் ஹலால் இறைச்சிக் கடை இருக்கும் நமக்கு அந்த நெருக்கடி எது? கறிக்கென்று இந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க நம் வீடுகளுக்கு நியாயமான காரணம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

தொல்லை தரும் உயிர்கள்

தொல்லை தீர்க்கக் கொல்வது வேறு விஷயம். அங்கே உண்ணும் எண்ணம் இல்லாததால் ஹலால் இறைச்சி என்ற கேள்வி எழவில்லை. தேவையும் இஹ்ஸானும் மட்டுமே கேள்வி. காகம், பருந்து, தேள், எலி, கடிநாய் ஆகிய ஐந்தையும் ஹரம் எல்லைக்குள்ளும் கொல்லலாம் என்ற அனுமதி ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. பல்லியை ஒரே அடியில் கொல்பவருக்கு நன்மை அதிகம், இரண்டாவது அடியில் குறைவு, மூன்றாவதில் இன்னும் குறைவு என்றும் வந்துள்ளது. கொல்ல அனுமதித்த இடத்திலும் அடியின் எண்ணிக்கைக்குக் கணக்கு வைத்த மார்க்கம் நம்முடையது!

இந்த அளவுகோல் துப்பாக்கிக்கு எதிராக மட்டும் பேசவில்லை. எலிக்கு நாம் வைக்கும் விஷங்களில் பல, இரத்தம் உறையாமல் செய்து பல நாட்கள் உள்ளே கசியவைத்துக் கொல்பவை. பசைத்தட்டில் ஒட்டிய எலி தோல் கிழியத் துடித்துப் பட்டினியால் சாகிறது. இவற்றோடு ஒப்பிட்டால், தானியக் களஞ்சியத்தில் அருகிலிருந்து தேர்ந்த கையால் விழும் ஒரே குண்டு இரக்கமுள்ளது. விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால் அதுவும் சாகும். எலியைப் பிடித்து நமக்கு ஊழியம் செய்யும் பறவை அது. இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. தானியத்தை மூடி வைப்பதும், தென்னை மரத்தில் தகரப் பட்டை கட்டுவதும், மாடிக்கு வலை போடுவதும் உயிர் எடுக்காத வழிகள்.

இத்தனைக்குப் பிறகும் தேவை உண்மையென்றால், தேர்வு இப்படி அமையட்டும். வேகத்தைப் பெருமையாகப் பேசும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். குண்டு சொன்ன இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். காகிதத்தில் ஒரு நாணயத்தை வைத்து வட்டமிட்டு ஐந்து குண்டுகள் சுடுங்கள். ஐந்தும் வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. அதற்கு அப்பால் உள்ள உயிர் உங்களுக்கு உரியதல்ல.

நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலுக்கோ 4.5 மில்லிமீட்டர் குழல் அளவுக்கோ மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அதற்குட்பட்டது உரிமமின்றிக் கிடைப்பதால், அதைக்கொண்டு எதையும் சுடலாம் என்று எண்ணுவது பிழை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும் பொறி வைப்பதும் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் வேட்டை என்ற சொல்லில் அடங்கும். காகம், எலி, பழந்தின்னி வௌவால் முதலியவற்றைத் தொல்லை உயிர்கள் என்று வைத்திருந்த 5ஆம் அட்டவணையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கிவிட்டது. எனவே காட்டுயிர் எதுவாயினும், வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. இங்கிலாந்தில் குடியேறிய நம் மக்களுக்கும் இது பொருந்தும். அங்கே மரப்புறாவைப் பயிர்ச்சேதம் தடுக்கப் பொது உரிமத்தின் பேரில் சுடலாம். ஆனால் கொல்லாமல் தீர்க்கும் வழிகளை முதலில் முயன்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

“மார்க்கம் ஆகுமாக்கியதைச் சட்டம் எப்படித் தடுக்கலாம்?” என்று சிலர் கேட்பார்கள். ஆகுமானது கடமையானதல்ல. இஹ்ராம் கட்டியவருக்கு அதே வேட்டையை அல்லாஹ்வே தடுத்து, கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் பிராணிகளை வரவைத்துச் சோதித்ததைத் திருமறை (5:94) கூறவில்லையா? எட்டும் தூரத்தில் இருந்தும் கையை மடக்கிக்கொள்வது ஈமானின் பயிற்சி.

பிள்ளைகள் கையில்

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். விரலிடுக்கில் கல் வைத்து எறிவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் காயப்படுத்தாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்று காரணமும் அருளினார்கள். இந்த ஹதீஸைச் சொன்ன பிறகும் கல்லெறிந்தவரோடு, இனிப் பேசமாட்டேன் என்று ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் கூறிவிட்டார்கள். சிறுவன் கையில் தனியே விடப்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை உண்டா? குறி பார்க்கும் கலை வேண்டாம் என்று மார்க்கம் சொல்லவில்லை. அம்பெய்தலை ஊக்குவித்த மார்க்கம் இது. காகிதத்தைக் கட்டிக் கொடுங்கள், கூட இருந்து கற்றுக் கொடுங்கள். துப்பாக்கியை வாங்கித் தருபவர்கள், எதன்மீது நீட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே தர வேண்டும்.

வாய் பேசாத அந்தக் குருவி நாளை மஹ்ஷரில் நமக்கு எதிராகப் பேசாதிருக்க, அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் நல்லறிவையும் இரக்க உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.