ஏமாற்றுக்காரி என்று சொல்லலாமா?

ஆன்லைனில் பழைய துணி வாங்குகிறவர்கள் நம் நடுவில் பெருகிவிட்டார்கள். விற்றவர் எழுதியது ஒன்று, வந்து சேர்ந்தது வேறொன்று என்றால், அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடலாமா?

சபையில் ஒரு சகோதரி, ஒருமுறை மட்டும் உடுத்திய "சுத்தப் பட்டு" காஞ்சிபுரம் புடவை என்று படத்தைப் பார்த்து 4,000 ரூபாய் அனுப்பினார்கள். வந்த புடவையின் ஓரத்தில் பிரிந்திருந்த பாவு நூலும் ஊடை நூலும் எடுத்துக் கொளுத்திப் பார்த்தோம். பட்டு என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இதுவோ உருகி, கறுத்த மணிபோல உறைந்துவிட்டது. பாலியஸ்டர்! "பாஸ்டர், நல்லா ஏமாத்திட்டா. அவ பேரை ஊரெல்லாம் நாறடிக்காம விடமாட்டேன்" என்றார்கள்.

கவனியுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்க, அந்த அம்மாள் பொய் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. சொன்னதும் வந்ததும் வேறு, அது போதும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும், சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. (தொழிலாக அல்லாமல் தன் பீரோவில் கிடந்த புடவையை விற்கிறவருக்கு அந்த விதிகள் பொருந்தாது. சட்டம் விலகினால் கடனும் விலகிவிடுமா?)

ஆனால் "ஏமாற்றுக்காரி" என்ற பெயருக்கு வேறு சாட்சி வேண்டும். அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். யாரோ கொடுத்ததைப் பட்டென்றே நம்பிப் பத்து வருஷம் பெட்டியில் வைத்திருக்கிறவர்கள் நம் வீடுகளிலேயே உண்டே! அதற்காக, "தெரியாது" என்பது எல்லாருக்கும் சாக்கு ஆகாது. மாதம் முப்பது புடவை விற்கிறவர், எழுதுமுன் ஒரு நூலைக் கொளுத்திப் பார்க்க என்ன தடை? விலை குறைந்துவிடுமே என்று பாராமல் இருப்பதை நான் பொய்யின் பக்கமே வைப்பேன்.

ஆகையால் சகோதரியிடம், "நீங்க எழுதினது இது, வந்தது இது, பணத்தை அனுப்புங்க, புடவையை அனுப்புறோம்னு மட்டும் எழுதுங்கம்மா. வசவு வேண்டாம். பதில் வரலேன்னா 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கு" என்றேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "என் மாமியார் கொடுத்தது, பட்டுன்னுதான் சொன்னாங்க." பணமும் வந்தது. திருப்பி அனுப்பின கூரியர் செலவு 120 ரூபாய் மட்டும் வரவில்லை. பாவம், தெரியாமல் விற்றவரிடம் அதையும் கேட்கலாமா என்கிறார்கள் சகோதரி. கேட்கலாம் என்றேன்.