அணைத்தவர் யார்?

சுவரிலுள்ள சாக்கெட்டுக்கும் கருவிக்கும் நடுவே செருகும் சிறு பெட்டிதான் ஸ்மார்ட் பிளக். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் ஒரு சிப், இணைப்பைத் துண்டிக்க ஒரு ரிலே, செய்தி அனுப்ப வைஃபை: உள்ளே இருப்பது இவ்வளவே. அது செய்யும் வேலை இரண்டு. எவ்வளவு செலவாகிறது என்று அளந்து சொல்கிறது. சொன்ன நேரத்தில் அணைக்கிறது. முதல் வேலை கணக்கு சம்பந்தப்பட்டது. இரண்டாவது வேலை அறநூல்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் ஒரு கேள்வியைக் கிளறுகிறது. ஆசை அடங்காமலே நுகர்வு மட்டும் அடங்கினால் அதை அடக்கம் என்று சொல்லலாமா?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் மின்சாரத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பது தொழிலின் ஒரு பகுதி. இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்கு ஆகும் பங்கான பவர் ஃபேக்டர் குறைந்தாலே கூடுதல் கட்டணம் விழும். அங்கே வேலை முடித்துக் குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் பக்கம் வீடு திரும்புகிறவருக்கோ கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கண்ணில் படுகிறது. தொடக்க யூனிட்கள் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 501-வது யூனிட் தன் விலையோடு நிற்பதில்லை. 500-க்குள் இருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் கீழ்ப்படிச் சலுகையையும் சேர்த்துப் பறித்துவிடும். ஆனால் எந்தக் கருவி அந்த யூனிட்டைத் தின்றது என்று மீட்டர் சொல்லாது.

பிளக் சொல்லும். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். காலையில் போட்டதும் செயலியின் திரையில் எண் இரண்டாயிரத்தை ஒட்டி ஏறி நிற்கும். தண்ணீர் சூடானதும் சட்டென்று பூஜ்யம். குளித்துவிட்டு அணைக்க மறந்தால், தொட்டி ஆற ஆறப் பகல் முழுக்க அந்த எண் அவ்வப்போது எகிறி எகிறி விழுவதைப் பார்க்கலாம். யாரும் பார்க்காத டிவியின் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல். பிளக்கும் சும்மா இருப்பதில்லை. தன் பங்குக்கு ஒரு வாட் எடுத்துக்கொண்டால் அதே காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். கண்காணிப்புக்கும் கூலி உண்டு.

இப்படி யூனிட் யூனிட்டாக எண்ணுவது அறத்தோடு ஒட்டுமா? கணக்குப் பார்த்துச் செய்தால் கடமை, கணக்கில்லாமல் செய்தால்தான் பக்தி என்றொரு எண்ணம் பரவலாக உண்டு. கோயில் கல்வெட்டுகள் இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை இடையரிடம் விட்டார்கள். அதற்கு ஈடாக அவர் தர வேண்டியது நாள்தோறும் ஓர் உழக்கு நெய். ஆடுகள் செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வெளிச்சத்துக்கான எரிபொருளை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

திருமுடிவாக்கத்துக்கு அண்டையிலுள்ள குன்றத்தூர் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். 12-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய அடியார் வரலாறுகளில் விளக்கெரித்தவர்கள் பலர். கணம்புல்லர் புல் அரிந்து விற்று நெய் வாங்கி விளக்கேற்றினார். புல் விலைபோகாத நாளில் புல்லையே எரித்தார். வழக்கமான யாமம்வரை அது எரியப் போதாதபோது தன் தலைமுடியை மூட்டினார். இந்த உக்கிரத்தின் நடுவிலும் ஓர் அளவு இருக்கிறது. இத்தனை நேரம் விளக்கு எரிந்தாக வேண்டும் என்று அவர் தனக்கே வகுத்துக்கொண்ட அளவு அது. திருவொற்றியூர்ச் செக்கர் கலியநாயனார் எண்ணெய்க்கு வழியற்று, ரத்தத்தால் விளக்கெரிக்கத் தன் கழுத்தை அரியத் துணிந்ததும் அந்த அளவு குறையக்கூடாது என்பதற்காகத்தான்.

இவை எல்லாம் கீழ் வரம்புகள்: இதற்குக் குறையக்கூடாது. வீட்டு மின்சாரத்துக்கு வேண்டியது மேல் வரம்பு: இதைத் தாண்டக்கூடாது. அந்த வகை அளவைச் சமணம்தான் இல்லறத்தாருக்கு விரிவாக வகுத்தது. காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும், அதைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், போகோபபோக பரிமாணம் என்ற விரதத்தைச் சொல்கின்றன. உணவு போல ஒருமுறை துய்ப்பதற்கும், ஆடை போல மீண்டும் மீண்டும் துய்ப்பதற்கும் தானாகவே எல்லை கட்டிக்கொள்வது அது. இரத்தினகரண்டகம் தரும் பட்டியலில் ஊர்தி, படுக்கை, இசையோடு குளியலும் இருக்கிறது. வாழ்நாள் முழுவதற்கும் பூண்டால் யமம். காலம் குறித்துப் பூண்டால் நியமம். அந்தக் காலம் ஒரு பகலாகவோ, பட்சமாகவோ, மாதமாகவோ, இரண்டு மாதம் கொண்ட ஒரு ருதுவாகவோ இருக்கலாம். தற்செயலாக ஈபி பில்லின் காலமும் அதுதான்.

விரதத்தைக் காக்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்தால் பலன் யாருக்கு? யூதர்கள் இந்தக் கேள்வியை மின்சாரம் வந்த நாளிலிருந்தே விவாதிக்கிறார்கள். ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாது என்பது விவிலிய விதி. விளக்கைப் போடுவதும் அணைப்பதும் அந்தத் தடைக்குள் வரும் என்று மரபுவழி யூதர்கள் கொள்கிறார்கள். அதனால் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை, சூரியன் மறையுமுன்னே டைமரை வைத்துவிடுவார்கள். நியூயார்க்கின் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் விளக்குக்கு மட்டும் இதை விட்டுக்கொடுத்தார். சமையலுக்கும் டைமர் வைத்தால் ஓய்வுநாளின் பொருளே போய்விடும் என்பது அவர் கவலை. பௌத்தம் வினையின் வேரை எண்ணத்தில் வைக்கிறது. அந்தக் கணக்கில் டைமரை வைத்த கணமே செயல். பிறகு இரவுதோறும் ரிலே தட்டுவது வெறும் சத்தம். சமணமோ செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் ஒருசேர வினையாக எண்ணும். அதன்படி பிளக்கை ஏவியவர் செய்வித்தவர். கருவி குறுக்கே வந்ததால் பொறுப்பும் விலகாது, பலனும் விலகாது.

இவற்றில் சமணக் கணக்கே வீட்டு நடப்புக்குப் பொருந்துகிறது. காரணம், இந்தப் பிளக் யாரையும் கட்டிப்போடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஏசி தானாக நின்றதும் புழுக்கத்தில் விழிப்பவருக்கு, மீண்டும் போடும் பொத்தான் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. தொடாமல் புரண்டு படுத்தால் அது உடன்படுதல்; விரதம் அப்போது அவருடையது. தொட்டுவிட்டால், அடக்கம் டைமரில் இருந்ததே தவிர அவரிடம் இல்லை.

செயலி இன்னொருவர் கையில் இருக்கும்போது கதை வேறு. மூட்டுவலிக்கு வெந்நீர் வேண்டியிருக்கும் தாயின் கீசரை, அலுவலகத்தில் இருந்தபடி மகன் நிறுத்த முடிகிறது. யூனிட் மிச்சமாவது உண்மை. ஆனால் அங்கே துறந்தவர் யாருமில்லை. ஒருவர் ஆண்டார், மற்றவர் பொறுத்துக்கொண்டார். விரத நூல்கள் எல்லாமே எல்லையைத் தனக்குத்தான் வகுத்துக்கொள்ளச் சொல்கின்றன. பிறர் துய்ப்புக்கு எல்லை கட்டுவது அரசின் வேலை, ஈபி ஸ்லாபின் வேலை. அதற்குப் புண்ணியக் கணக்கு கிடையாது.

மிச்சம் பிடித்தது எங்கே போகிறது என்பதும் விசாரிக்க வேண்டியதே. எஞ்சின் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கினால் நாட்டின் மொத்த நிலக்கரிச் செலவு கூடும், குறையாது என்று 1865-இல் பொருளியலாளர் ஜெவோன்ஸ் இங்கிலாந்தை வைத்து வாதிட்டார். கீசரில் மிச்சப்பட்டது படுக்கையறையில் இரண்டாவது ஏசியாக வந்து நிற்கும் வீடுகளிலும் நடப்பது அதுதான். ஒரு சாக்கெட்டுக்கு மட்டும் வரம்பு வைப்பதில் உள்ள ஓட்டை இது. மேலும், கூரையில் நேரடியாக இணைத்த மின்விசிறியும் போர்வெல் மோட்டாரும் பிளக்கின் கணக்குக்கு வருவதே இல்லை. விரதத்தின் வரம்போ துய்ப்பு முழுவதன் மேலும் விழுவது. வீட்டார் கூடிப் பேசி இந்த இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்று வைத்துக்கொண்டால் அது நியமத்தின் இலக்கணத்துக்குள் வரும். அதற்கு வாசலில் இருக்கும் ஈபி மீட்டரே போதும். கீசரில் எத்தனை, ஏசியில் எத்தனை என்று பிரித்துச் சொல்ல மட்டும் பிளக் உதவும்.