பெயர் ஒன்றானால் உறவாகுமா?



முன்பின் அறியாத இருவர் சந்திக்கிறார்கள். ஒருவர் தம் பெயரையும் குடும்பத்தையும் சொல்லுகிறார். கேட்ட மாத்திரத்தில் மற்றவர் முகம் மலர்கிறது. "அப்படியானால் நீங்கள் இன்னாருக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி பிறக்கிறது. கடல் கடந்து வந்து கடை வைத்த நமக்கு இஃது அன்றாட அனுபவம். ஆனால் இது நமக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்தவர்களுள் மென்னோனைட்டுகள் எனப்படும் ஒரு கூட்டத்தாரிடம் இவ்வழக்கம் நம்மையும் விஞ்சி நிற்கிறது. அவர்களுடைய சரித்திரத்தை முன்வைத்து ஒரு கேள்வியைச் சிந்திப்போம். பெயர் ஒன்றாயிருப்பதால் ஒருவன் மேல் நமக்குக் கடமை கூடுமா? கூடுமானால், பெயர் வேறாயிருப்பவன் மேல் அது குறையுமா?

1525-ஆம் வருஷத்தில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் சிலர் ஒரு புதுக்கொள்கையைச் சொன்னார்கள். ஒன்றும் அறியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது பொருந்தாது. அறிந்து, விரும்பி, தானே கேட்பவனுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றார்கள். ஆயுதம் எடுக்கமாட்டோம், சத்தியப் பிரமாணம் செய்யமாட்டோம் என்பனவும் அவர்களிடையே வேரூன்றின. ஹாலந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் 1536-இல் தம் பழைய பதவியைத் துறந்து இவர்களோடு சேர்ந்தார். அவர் பெயரே பின்னர் கூட்டத்தின் பெயராயிற்று.

அரசாங்கங்கள் இவர்களைப் பிடித்துக் கொன்றன. ஆகவே ஓடினார்கள். ஹாலந்திலிருந்து ஓடியவர்கள் விஸ்துலா ஆற்று முகத்துவாரத்துச் சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் செய்தார்கள். அங்கிருந்து 1789-இல் ரஷ்யப் பேரரசுக்குட்பட்ட நீப்பர் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அவ்விடம் இன்று உக்ரைன். கட்டாயப் பட்டாளச் சட்டம் வரவே, 1870-களில் சுமார் 18,000 பேர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினர். கனடாவிலிருந்து ஒரு பகுதியார் 1922-இல் மெக்ஸிகோவுக்கும், 1927-இல் பராகுவே நாட்டுக்கும் பெயர்ந்தார்கள்.

இத்தனை அலைச்சலிலும் அழியாமல் வந்தவை இரண்டு. ஒன்று, விஸ்துலாக் கரையில் பழகிய தாழ்நாட்டு ஜெர்மன் பேச்சு. மற்றொன்று, குடும்பப் பெயர்கள். ஃபிரீஸன், பென்னர், ரைமர், வீபே, கிளாஸன், டிக் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். தமக்குள்ளேயே மணம் முடித்ததால் சில பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. ஒரே கிராமத்தில் ஒரே பெயருடையோர் பலர் இருந்து, பட்டப்பெயர் வைத்துப் பிரித்தறிய வேண்டியிருந்தது. இதனால் கனடாக்காரர் ஒருவர் பராகுவேயிலிருந்து வந்த அந்நியரைச் சந்தித்தாலும், பாட்டன் பெயர், பாட்டியின் கிராமம் என்று விசாரித்துச் சற்று நேரத்தில் உறவு கண்டுபிடித்துவிடுவார். இதற்கு 'மென்னோனைட் விளையாட்டு' என்றே வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதிலுள்ள நன்மையை மறுக்கலாகாது. நாடுமில்லை, படையுமில்லை என்று வாழ்ந்த மக்களுக்குப் பெயரே ஜாமீன். புதுத்துறையில் இறங்கியவனுக்கு அதே பெயருள்ள வீடு ஒன்று இருந்தால் அன்றிரவு படுக்க இடம் உண்டு. நம் முன்னோரும் இப்படித்தானே ஒருவரையொருவர் கைதூக்கிவிட்டனர்?

ஆயினும் இங்கே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பிறப்பால் எவனும் மார்க்கத்தில் சேர்ந்தவனாகான், தன் விருப்பத்தாலேயே சேரவேண்டும் என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சந்ததியிலோ, 'இவன் நம்மவன்' என்பதற்குப் பிறப்பால் வந்த பெயர் அடையாளமாயிற்று. தன் மனத்தால் தேர்ந்து வந்து சேர்ந்தவன், ஃபிரீஸன் அல்லன், பென்னர் அல்லன் என்பதால், அந்த விளையாட்டு நடக்கும்போது வாய்மூடி உட்கார்ந்திருக்க நேரிடுகிறது.

இன்று உலகத்து மென்னோனைட்டுகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள். எத்தியோப்பியாவில் பெருந்தொகையினர் உளர். நமக்கு அண்டையிலுள்ள ஜாவாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றனர். 2022-இல் அவர்களுடைய உலக மாநாடே அங்கு நடந்தது. அந்த ஜாவாக்காரரிடம் போய், "நீர் எந்த ரைமர் குடும்பம்?" என்று கேட்க முடியுமா? கேட்க முடியாததால் அவர் அந்நியராவாரா?

இதற்கு விடை அவர்களுடைய சரித்திரத்திலேயே கிடக்கிறது. ஹாலந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீரின்மேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கினார். அதனால் பிடிபட்டு 1569-இல் உயிரோடு எரிக்கப்பட்டார். மென்னோனைட்டுகள் இன்றளவும் தங்கள் குழந்தைகளுக்குப் பெருமையோடு சொல்லும் கதை இதுதான். காப்பாற்றப்பட்டவன் யார்? அவன் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. அவர்கள் போற்றும் நற்செயல் பெயர் தெரியாத ஒருவனுக்கு, அதுவும் பகைவனுக்குச் செய்ததாகும்.

இன்னொன்று. தென் ரஷ்யாவில் யுத்தமும் பஞ்சமும் வாட்டியபோது, அமெரிக்க மென்னோனைட்டுகள் 1920-இல் ஓர் உதவிக் குழு அமைத்தார்கள். அக்குழு அனுப்பிய இளைஞர்களில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த கிளேட்டன் கிராட்ஸ் ஒருவர். ஹாலந்து வழிப் பெயர்கள் அவர் குடும்பத்தாருடையன அல்ல. அவர் வம்சம் வேறு. அவ்வாண்டிலேயே அங்கே கைதான அவர் திரும்பி வரவேயில்லை. 1922-இல் அக்குழு பஞ்சப் பிரதேசத்தில் சமையற்கூடங்கள் திறந்தது. மென்னோனைட் அல்லாத அக்கம்பக்கத்தாரும் அங்கே உண்டார்கள். அடுப்படியில் தட்டேந்தி நின்றவனிடம் பாட்டன் பெயரைக் கேட்டுச் சோறிடுவது தர்மமாகுமா?

வியாபாரிகளாகிய நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. அரிசி மூட்டையின்மேல் ஆலை முத்திரை இருக்கிறது. அதைப் பார்த்து மூட்டையை இறக்கச் சொல்லுகிறோம். ஆனால் குத்தூசி போட்டு உள்ளிருப்பதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எவன் விலை பேசுவான்? பெயரும் அந்த முத்திரை போன்றதே. பேச்சைத் தொடங்க அது போதும். மனிதனை மதிப்பிட அது போதாது. 'நம்மூர்க்காரன்' என்ற ஒரு சொல்லுக்காக ஒருவனுக்குப் பேரேட்டைத் திறந்துவிட்டு, பத்து வருஷமாக நாணயம் தவறாத வேற்றினத்து வாடிக்கையாளன் கடன் கேட்கும்போது தயங்கும் வியாபாரி, முத்திரையை வாங்கிச் சரக்கை விட்டவனே ஆவான்.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. ஒரே பெயர் கடமையைக் கூட்டத்தான் செய்யும். அந்நியனிடத்தில் நம் குடும்பப் பெயரைக் கேட்டு மகிழ்வதும், அவனை வீட்டுக்கழைத்து உபசரிப்பதும் நன்றே. ஆனால் அந்தக் கூடுதல் நம் சொந்தக் கையிருப்பிலிருந்து வரவேண்டும். பெயர் வேறானவனுக்குச் சேரவேண்டிய ஹக்கிலிருந்து எடுத்துக் கொடுப்போமானால், அது உபசாரமாகாது. தராசில் விரலை வைப்பதாகும்.

நல்ல பெயரை நமக்கு விட்டுச்சென்ற முன்னோர் பலர், தாங்கள் இறங்கிய துறையில் ஒருவரையும் அறியாதிருந்தவர்கள். அவர்களுக்கு முதலில் கதவு திறந்தவர் யாரோ ஓர் அந்நியராகவே இருந்திருப்பர். அந்தக் கடன் நம் கணக்கில் நிற்கிறது. நாளைக் காலை கடைவாசலில் வந்து நிற்கும் பெயர் தெரியாதவனிடம் அதைத் தீர்க்கத் தொடங்குவோமாக.