வளர்ந்தோர் ஞானஸ்நானமும் பிறவிக் கத்தோலிக்கரும்

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவருக்குத் தம் ஞானஸ்நானம் நினைவில் இருப்பதில்லை. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தம் விசுவாசத்தை அறிக்கையிட, அந்த விசுவாசத்தில் கைக்குழந்தையாக நீரால் கழுவப்பட்ட அவருக்கு, அது பின்னாளில் பதிவேட்டிலுள்ள ஒரு தேதியாகச் சுருங்கிவிடுகிறது. இதைக் குறையென்று கூற இயலாது. விசுவாசம் மனித முயற்சிக்கு முன்பே வந்து சேரும் கொடை என்பதைக் குழந்தை ஞானஸ்நானத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் சடங்கு வேறில்லை. ஆயினும் கேளாமலே கிடைத்த கொடை பழக்கத்தில் தேய்ந்துபோவதும் உண்டு. பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாட்டில், வளர்ந்த ஒருவர் சபையின் முன் நின்று, மறுக்கவும் உரிமையுள்ளவராக இருந்தும், சாத்தானை விட்டுவிடுவதாகவும் மூவொரு இறைவனை விசுவசிப்பதாகவும் சொந்த வாயால் கூறும்போதே, தமக்காகப் பிறர் சொன்ன விடை எத்தகையது என்பது பிறவிக் கத்தோலிக்கருக்கு விளங்கத் தொடங்குகிறது.

சபை சாட்சியாக இருப்பது பழங்காலத்திலேயே இச்சடங்கின் உறுப்பாக இருந்துள்ளது. 4ஆம் நூற்றாண்டு ரோமையில் புகழ்பெற்ற பேச்சுக்கலை ஆசிரியரான விக்டோரினுஸ், முதுமையில் ஞானஸ்நானம் பெற வந்தபோது, தயக்கமுள்ளவர்களுக்கு அளிக்கப்படும் சலுகையாகத் தனிமையில் விசுவாசத்தை அறிக்கையிடலாம் எனக் குருக்கள் கூறியும், அதை ஏற்காமல் எல்லார் முன்னிலையிலும் அறிக்கையிட்டார் என்று அகுஸ்தீன் தம் தன்வரலாற்று நூலில் எழுதுகிறார். குழந்தை ஞானஸ்நானமே வழக்கமானபின் வளர்ந்தோருக்கான படிப்படியான ஆயத்தம் மங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு அதை மீட்டெடுக்கப் பணிக்க, 1972 ஜனவரி 6ஆம் நாள் அதற்கான புதிய சடங்குமுறை வெளியாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில்தான் இலங்கையின் பதுளை மறைமாவட்டம் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, லியோ நாணயக்காரவை முதல் ஆயராகப் பெற்றது. மறைமாவட்டமும் சடங்குமுறையும் ஒரே வயதினவை என்பது தற்செயலே என்றாலும் குறிக்கத்தக்கது.

அம்மறைமாவட்டத்தில் ஹாலிஎல, தெமோதரை, பசறை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழருள் இந்துக்களே பெரும்பான்மையினர். ஆதலால் அங்கே ஞானஸ்நானம் ஒருவரின் உள்ளத்துக்குள் முடிந்துவிடும் செயலன்று. ஒரே லயத்தில், அதாவது வரிசைக் குடியிருப்பில், அடுத்தடுத்த காம்பராக்களில் வாழும் உறவினருக்கு, அவர் இனி மாரியம்மன் திருவிழாவுக்குப் பணம் கொடுப்பாரா, காப்புக் கட்டுவாரா, தந்தைக்குத் திவசம் செய்வாரா என்பன மெய்யான கேள்விகள். அவற்றுக்கு முகங்கொடுத்த பின்னரே அவர் திருச்சபையின் கேள்விக்கு வந்து சேர்கிறார். தவக்காலத் தொடக்கத்தில், ஞானஸ்நானத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பெயர்களை எழுதும் சடங்கு ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட இந்தத் தோட்டத் தமிழ்ச் சமூகத்தில், ஒருவரின் விருப்பத்தைக் கேட்டு அவர் பெயரை எழுதும் இச்செயலுக்குத் தனிக் கனம் உண்டு.

வளர்ந்தோர் பலர் திருமணத்தை முன்னிட்டே ஞானஸ்நானம் கேட்கின்றனர் என்று பிறவிக் கத்தோலிக்கர் சிலர் இளக்காரமாகக் கூறுவதுண்டு. உரிய அனுமதியுடன் ஞானஸ்நானம் பெறாதவரையும் மணக்கத் திருச்சபைச் சட்டம் இடந்தருவதால், திருமணம் அதற்குக் கட்டாயக் காரணமாகாது. ஆனால் மனிதர் ஒருவர் மீதுள்ள அன்பு வழியே இறைவனிடம் வருவது தாழ்ந்த வழியுமன்று. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, துயருற்றிருந்த வேளையில் டச்சுப் படைத்தலைவர் டி லனாய் என்னும் நண்பர் எடுத்துரைத்த யோபுவின் கதையால் தொடப்பட்டே, 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் தேவசகாயம் ஆனார். அந்த நட்பில் தொடங்கிய விசுவாசம், 1752இல் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்படும்வரை உறுதியாக நின்றது. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆதலால் திருமணத்தை முன்னிட்டு வருவோர் குறித்து அஞ்சவேண்டியது தொடக்கக் காரணத்தையன்று, மணநாள் நெருங்கிவிட்டதென்று மாதக்கணக்கான ஆயத்தத்தைச் சில வாரங்களாகக் குறுக்கும் அவசரத்தையே.

ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், முதல் நற்கருணை ஆகிய மூன்றையும் ஒரே இரவில் பெறும் புதியவரின் அருகில், கையில் எரியும் மெழுகுதிரியுடன் சபையாரும் தம் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றனர். இவ்வழக்கம் 1951ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் திருவிழிப்பைச் சீரமைத்தபோது சேர்க்கப்பட்டது. கேட்கப்படும் கேள்விகள் ஒன்றே. புதியவரின் விடையில் நடுக்கமும், பழையவர்களின் விடையில் பெரும்பாலும் தூக்கக் கலக்கமும் இருக்கும். அந்த வேறுபாட்டை ஒருமுறை செவியால் உணர்ந்தவர் தம் விசுவாசத்தைப் புதியவரிடமிருந்து கற்பதில் வெட்கப்படார். ஆனால் அந்த நன்றியுணர்வு இரவோடு முடிந்தால் கடன் தீராது. பெந்தெகொஸ்தே வரையிலான வாரங்களில் புதியவர்கள் சபையோடு நெருங்கிப் பழகித் தாம் பெற்ற அருளடையாளங்களை ஆழ்ந்து உணரவேண்டும் என்று சடங்குமுறை எதிர்பார்க்கிறது. குரு ஞாயிறுதோறும் வர இயலாத தோட்டத்துச் சிற்றாலயத்தில் அப்பணி உபதேசியாரையும் ஞானப்பெற்றோரையும் பக்கத்துக் காம்பராவில் வாழும் பிறவிக் கத்தோலிக்கரையுமே சார்கிறது.