பன்னிற மண்ணும் ஒரு கலமும்

கலத்துக்கு அழகு சேர்க்க இரு வழிகள் உண்டு. வனைந்த கலத்தின்மேல் வண்ணம் தீட்டுவது ஒன்று. வண்ணம் கலந்த மண்ணைக் கொண்டே கலத்தை ஆக்குவது மற்றொன்று. இரண்டாம் வழியை ஜப்பானியர் நெரிகோமி என்றும் நெரியாகே என்றும் வழங்குவர். கையால் அடுக்கியும் அச்சில் அழுத்தியும் செய்வதை முன்னதாகவும், திரிகையில் வனைவதைப் பின்னதாகவும் பலர் கொள்வர். வெவ்வேறு நிறக் களிமண் தகடுகளை அடுக்கி, அறுத்து, மீண்டும் ஒட்டி, ஒரு கட்டியாக்கிக் குறுக்கே சீவினால், ஒவ்வொரு வில்லையிலும் அதே கோலம் தோன்றும். அவ்வில்லைகளை இணைத்துக் கிண்ணமோ தட்டோ செய்வர். உடைத்துப் பார்த்தாலும் ஓட்டின் உள்ளே நிறம் ஓடியிருக்கும்.

அகமும் புறமும் ஒன்றாக இருத்தலே வாய்மை என்று போற்றுகின்ற நமக்கு, இக்கலம் அறத்தின் வடிவாகவே தோன்றக்கூடும். வரலாறு அவ்வளவு எளிதாக இசைவதில்லை. சீனத்தில் தாங் அரசர் காலத்துக் குயவர் சிலர், கோலமிட்ட மண்ணை மெல்லிய போர்வையாக மட்டும் வெறும் மண்ணின்மேல் ஒட்டினர். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர் மண் முழுவதிலும் கோடுகளை ஓடவிட்டனர். அவர்கள் நாடியதோ மண்ணை அகேட் என்னும் மணிக்கல்லாகக் காட்டுவது! உள்ளும் புறமும் ஒன்றான பொருளும் தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளக் கூடும் போலும்.

வாய்மையைவிட நம்மைச் சிந்திக்க வைப்பது ஒட்டுதலே. மண்ணுக்கு மண் சுருக்கம் வேறு. உலரும்போதும் சூளையில் வேகும்போதும் ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் சுருங்கும். சேர்ந்த இடத்தில் இழுபறி தோன்றி விரிசல் விழும். நன்றாகப் பிசைந்துவிடலாமே எனின், பிசையப் பிசையக் கோலம் அழிந்து ஒரே மங்கல் நிறமே எஞ்சும்.

இதற்குக் கைவினைஞர் பலர் கைக்கொள்ளும் வழி, ஒரே வெண்களிமண்ணைப் பல பங்காக்கி, ஒன்றில் இரும்பு ஆக்சைடு, மற்றொன்றில் கோபால்ட் என நிறமிகளைச் சேர்ப்பது. அடிமண் ஒன்றாதலால் சுருக்கமும் ஏறத்தாழ ஒன்றாகிறது. இக்கலையை உச்சிக்குக் கொண்டுசென்றவர் மட்சுயி கோசெய் (1927–2003). கசாமா நகரில் பௌத்தக் கோயிலொன்றின் தலைமைக் குருவாக இருந்துகொண்டே மண்ணைப் பிசைந்தவர். 1993இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற சிறப்பினைப் பெற்றார்.

அடிமண் ஒன்றாக இருந்தால்தான் ஒற்றுமை இயலும் என்பதா இதன் பொருள்? ‘அனைவரும் ஒரே மண், வேறுபாடு நிறத்தளவே’ என்று மேடைகளில் முழங்குகிறோம். கேட்கவும் இனிமையாகத்தான் இருக்கிறது. சூளை மட்டும் அதை முழுதும் ஏற்பதில்லை. இரும்பும் கோபால்ட்டும் மண்ணுக்கு நிறம் ஊட்டுவதோடு நில்லாமல், கடும் வெப்பத்தில் அதை இளகச் செய்யும் இயல்பும் உடையன. அளவு மிகுந்தால் அந்தப் பகுதி மட்டும் முன்னதாக உருகத் தொடங்கும். நம் மொழியும் உணவும், மறைந்தோரை நாம் நினைக்கும் முறையும் பொதுவான மனிதத்தின்மேல் பூசிய சாயமல்ல. நெருக்கடி வரும்போது நாம் எப்படி இளகுவோம், எப்படிச் சுருங்குவோம் என்பதையே அவை மாற்றிவிடுகின்றன. அடுத்த வீட்டு வங்காளியருக்கும் பஞ்சாபியருக்கும் அஃதே.

ஆதலின் குயவர் காலத்தை நம்புகின்றனர். கலத்தை மூடிவைத்து, ஈரம் எங்கும் சமமாக அடங்கும்படி, நாள்கணக்கில் மெல்ல உலரவிடுகின்றனர். விரைந்து உலர்ந்த கலம் சூளைக்குப் போகுமுன்பே ஒட்டில் விட்டுவிடும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மிடையே, ஒரே தலைமுறையில் கரைந்துவிட வேண்டும் என்போரும் துளியும் கலவாமல் நிற்க வேண்டும் என்போரும் உண்டு. இருசாராரிடமும் நாம் காண்பது அவசரமே.

திரிகையில் வனைந்தவுடன் மேற்பரப்பில் சேறு பரவிக் கோலத்தை மூடிவிடும். ஓரளவு உலர்ந்தபின் சீவினால்தான் உள்ளிருப்பது தெரியும். நம் பேரப்பிள்ளைகளின் இந்தி கலந்த தமிழைக் கேட்டு முகம் சுளிப்போர், சீவும் பருவம் வருமுன்பே கலத்தை எடைபோடுகின்றனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. சீவிய பின் கோலம் ஏதும் இல்லாமற் போகவும் கூடும், அதையும் மறுப்பதற்கில்லை.