நாண் இறக்கப்படாத வில்

ஆபத்தைக் கண்டதும் இதயத்தை விரைவுபடுத்தி, செரிமானத்தைத் தணித்து, குருதியைத் தசைகளுக்குத் திருப்பிவிடும் பரிவு நரம்பு மண்டலமும், ஆபத்து நீங்கியதும் உடலைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலமும் ஒன்றையொன்று ஈடுசெய்து இயங்குவதே உடல்நலத்தின் அடித்தளம். புலி துரத்தினாலும் கவலை துரத்தினாலும் அட்ரினல் சுரப்பி நெருக்கடிக்கால இயக்குநீரான கார்டிசாலைச் சுரக்கவே செய்கிறது. புலி ஓடி மறைந்துவிடும், கவலையோ படுக்கைவரை உடன்வருவதால், காப்பதற்கென அமைந்த அந்தச் சுரப்பே நாளடைவில் உறக்கத்தையும் நோய் எதிர்ப்பாற்றலையும் குலைக்கிறது. மூச்சை இழுக்கையில் சற்று விரைந்து, விடுகையில் சற்றுத் தணியும் இதயத்தைப் போல, உழைப்புக்குள்ளேயே ஓய்வையும் வைத்துத்தான் உடல் தன்னை நடத்திக்கொள்கிறது. வில்லின் வலிமை நாணேற்றுவதில் மட்டுமன்று, உரிய வேளையில் நாணை இறக்கி வைப்பதிலும் இருக்கிறது.